ஓட ஓடச் சரியா வரும்

நுவரெலியாவில் இருந்து லபுக்கலை தாண்டி இறம்பொடைக்கு இறங்கும் வளைவுகளில், மூன்றாவதிலேயே தெரிந்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் விரலுக்குள் டக் டக் என்று துடித்தது. எதிரே கொழுந்து லொறி, பின்னால் ஹோர்ன் அடித்தபடி கண்டி பஸ். ஆஞ்சநேயர் கோயில் திருப்பம்வரை எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். பிரேக் பேட் கருகிய வாடை மூக்கில் ஏறியது. ஹட்டனில் இருந்து யாழ்ப்பாணம் போய், திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை வழியாகத் திரும்புவதாக ஆறு மாதமாகப் போட்ட திட்டம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

பைக் சித்தப்பா மகனுடையது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய 250 சிசி. எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை ஓட்டுகிறவனிடம். 2022 தட்டுப்பாட்டில் பைக்குக்கு வாரம் 4 லீட்டர் என்று கியூஆர் காட்டி பெட்ரோல் அடித்த காலத்தில், இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடப் பழகியவன் தம்பி. பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், கம்பளை ஏறத்தாழ 500. அவ்வளவு உயரத்தையும் கியர் தாங்காமல், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதைப் பிடிக்கும் பேட்டும் மட்டுமே தாங்கி இறங்கினால் அது எத்தனை நாளைக்கு வரும்? பேட் வாங்கியதும் இருப்பதிலேயே மலிவான கல்லு பேட்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் இருக்கும் ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டில் என் பைக்கின் பிரேக் வேலையை நானேதான் செய்கிறேன். வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டியூஃப் சோதனை. வேறு கம்பனி டிஸ்க் போட்டால் அதற்கு ஏபிஈ அனுமதிக் காகிதம் கையில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மறுநாள் காலை தம்பியிடம் வேர்னியர் அளவுகோல் வாங்கி டிஸ்க்கின் தடிப்பை அளந்தேன். 3.4 மி.மீ. காட்டியது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சம் 3 என்று அடித்திருந்தது. “இன்னும் இருக்குடா, பேட்டை மட்டும் மாத்தினா போதும்” என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

டிக்கோயாப் பக்கம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டில்தான் கராஜ். மெக்கானிக் பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அளந்த விதத்தைக் கேட்டதும், “தம்பி, நீங்க அளந்தது வரப்பை. வயலை அளக்கல” என்றார்.

சரிதான். பேட் படுகிற இடம் தேய்ந்து பள்ளமாகி, ஓரத்தில் தேயாத விளிம்பு நின்றிருந்தது. வேர்னியரின் நீண்ட தாடை அந்த விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாஸ் ஒரு பழைய பேரிங்கில் இருந்து இரண்டு உருண்டைகளை எடுத்தார், ஒவ்வொன்றும் கால் அங்குலம். கிரீஸ் தொட்டு, டிஸ்க்கின் இரு பக்கமும் பள்ளத்தில் நேருக்கு நேராக ஒட்டினார். உருண்டையோடு சேர்த்து அளந்தார்: 15.6. உருண்டை இரண்டும் சேர்ந்து 12.7. மிச்சம் 2.9. அப்புறம் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வேறு இடத்தில் அளந்தார், அங்கே 3.0. துடிப்புக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் ஜெர்மனியில் மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு, இந்த உருண்டை வித்தையை ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை.

“கடைசல்ல குடுத்து சீவிப் போடுங்கன்னு டவுன்ல சொல்லுவாங்க. சீவுறதுக்கு அதுல என்ன இருக்கு?” என்றார். புதுசுதான் போட வேண்டும்.

ஹட்டனில் இந்த பைக்குக்குச் சாமான் இல்லை. அப்புறம் என்ன, கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைதான். நான் ஒரு கடைக்கு போன் போட்டு, அளவு, போல்ட் ஓட்டை எண்ணிக்கை, நடு ஓட்டையின் விட்டம் எல்லாம் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரிஜினல் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். “ஒரிஜினல்தான் சேர்” என்றார்கள். 9,500 ரூபாய். பாஸ் தனக்குத் தெரிந்த ஆளிடம் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அவர் சொல்வது ஜப்பானில் கழற்றிய பழைய சாமான். பிரேக்குக்குப் பழசு போடுவதா? என் டியூஃப் புத்தி ஒத்துக்கொள்ளவில்லை.

பார்சல் பஸ்ஸில் வந்தது. பஸ் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் “அஞ்சரைக்கு வந்துரும் சேர்” என்ற வாக்கும் மட்டுமே கையில். ஸ்டுட்கார்ட்டில் பார்சல் வேன் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று போனில் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கலாம். இங்கே மழையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் பார்க்க வேண்டும். கினிகத்தேனையில் மண் சரிவாம். ஏழு இருபதுக்குத்தான் வந்தது. கண்டக்டர் கடைசி சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கருவாட்டு மூட்டைக்குக் கீழேயிருந்து ஒரு பத்திரிகைப் பொதியை இழுத்தார். கோபம் வரத்தான் வேண்டும், ஆனால் வரவில்லை. அப்பா கொழும்பில் கடையில் நின்ற காலத்தில், மாதம் ஒரு பார்சலுக்காக இதே இடத்தில், இதே மழையில் நின்றிருக்கிறேன். அதுவும் இதே வாடையோடுதான் வரும்.

மறுநாள் பாஸ் பொதியைப் பிரித்தார். பூ இதழ் மாதிரி வெட்டிய, பளபளவென்ற டிஸ்க். கம்பனிப் பெயர் இல்லை, குறைந்தபட்ச அளவு இல்லை, எண்ணே இல்லை. ஒன்றும் பேசாமல் அதை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் ஒரு ஓரத்தை அழுத்தினார். மறு ஓரம் தூக்கியது. இடைவெளியில் தகடு விட்டுப் பார்த்தார், 0.4 மி.மீ. தகடு தாராளமாக உள்ளே போனது.

நான் கடைக்குப் போன் போட்டேன். முதலில் பஸ்ஸில் வளைந்திருக்கும் என்றார்கள். திருப்பி அனுப்புகிறேன் என்றதும் பில்லின் அடியில் உள்ள வரியை வாசிக்கச் சொன்னார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. விடாமல் பேசியதில் அந்தப் பையன் கடைசியாகச் சொன்னது: “பிரச்சினை இல்ல சேர், மாட்டுங்க. ஓட ஓடச் சரியா வரும்.”

பிரேக் டிஸ்க் ஓட ஓடச் சரியா வருமாம்!

பாஸின் ஆள் அனுப்பிய பழைய டிஸ்க் இரண்டு நாளில் வந்தது, 14,000 ரூபாய், யூரோவில் நாற்பது சொச்சம். லேசாகத் துரு பிடித்திருந்தது. உருண்டை வைத்து அளந்ததில் நாலு இடத்திலும் 3.4. கண்ணாடியில் வைத்தால் அசையவில்லை. சக்கரத்தில் டிஸ்க் உட்காரும் இடத்தைப் பாஸ் அரை மணி நேரம் சுரண்டித் துடைத்தார். அங்கே ஒரு துரும்பு இருந்தாலும் நேரான டிஸ்க்கும் ஆடும் என்றார். போல்ட்டுகளுக்குப் பசை தடவி எதிரும் புதிருமாக இறுக்கினார். சைக்கிள் கம்பி ஒன்றை ஃபோர்க்கில் கட்டி, நுனியை டிஸ்க்குக்கு மயிரிழை தள்ளி நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றினார். இடைவெளி மாறவில்லை. பேட்டும் புதுசு, பிரேக் ஆயிலும் புதுசு. கூலி 2,000 கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. டீ மட்டும் குடிக்கச் சொன்னார்.

கொட்டகலை ரோட்டில் இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பேட்டைப் பழக்கினேன். லீவர் கல்லு மாதிரி நின்றது. யாழ்ப்பாணத்துக்கு நாள் போதவில்லை, பதுளை போய்த் திரும்பினேன். இறக்கமெல்லாம் இரண்டாம் கியரில்தான். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்கு அது பெட்ரோல் வீண்.

பளபள டிஸ்க்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நடுவில் வட்ட ஓட்டை இருக்கிறதே என்று சித்தி அதைச் சோற்றுப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறார். போன வாரம் வீடியோ காலில் தம்பி பானையைத் தொட்டுக் காட்டினான். இன்னும் ஆடுகிறது.