இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒரு நாற்காலியும்

என் கேட்பறையில் மிருதங்கத்துக்குப் பாதி உடம்புதான் இருந்தது. வலது பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கும். சாப்பு விழுவது, விரல் உரசுவது எல்லாம் துல்லியம். இடது பக்கமான தொப்பியில் கும்கி, அதாவது கும்மென்று வழுக்கி ஏறும் அடி, கொடுக்கும் இடம் வந்தால் மட்டும் யாரோ தலையணையை வைத்து அமுக்கியது போல ஆகிவிடும். ஒலிப்பதிவு செய்தவரைத் திட்டினேன். வேறு பதிவு போட்டேன். அவரையும் திட்டினேன். கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்குத் திராணி போதவில்லை என்று முடிவுகட்டி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த 100 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 200 வாட் வாங்கினேன்.

கும்கி வரவில்லை.

ஒருநாள் மாலை மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, மிருதங்கம் நல்லாத்தானே கேக்குது? எதுக்கு அந்த ஆளைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன். தொப்பி கும்மென்று கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காணோம்.

ஸ்பீக்கருக்கு விமர்சனம் எழுத வேண்டும் என்றுதான் குறிப்பெடுத்து வந்தேன். அந்த மாலைக்குப் பிறகு குறிப்பேட்டில் முக்கால்வாசி அறையைப் பற்றித்தான் இருக்கிறது. இருந்தாலும் ஸ்பீக்கரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா. 2012-இல் வந்த எல்எஸ்50-இன் அடுத்த பிறவி, 2020-இல் வெளியானது. ஓர் அடி உயரம், ஒற்றைக் கண். 5.25 அங்குலக் கூம்பின் நடுவிலேயே மேல் ஒலி தரும் ட்வீட்டர் உட்கார்ந்திருக்கிறது. யூனி-க்யூ என்று பெயரிட்டு 1988 முதல் அவர்கள் செய்துவரும் அமைப்பு இது. கீழ் ஒலியும் மேல் ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் தலையைச் சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் குரலின் நிறம் மாறுவதில்லை. வழக்கமான இரண்டு கண் ஸ்பீக்கர்களில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு வயலின், சாய்ந்து உட்கார்ந்தால் வேறு வயலின் கேட்டுப் பழகியவன் நான். இதில் அந்தத் தொல்லை இல்லை. ட்வீட்டருக்குப் பின்னால் புதிர்வழி போன்ற குழாய்கள் கொண்ட ஒரு வட்டத்தட்டு இருக்கிறது. பின்பக்கம் போகும் ஒலி திரும்பி வராமல் அங்கேயே அடங்கிப்போகும். பெயரில் உள்ள 'மெட்டா' அதுதான். பாடகர் மூச்சு இழுப்பதும், வில் நரம்பில் திரும்பும் இடமும் அதட்டல் இல்லாமல் கேட்கின்றன. மத்திம ஸ்தாயியில் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

பாஸ் என்னும் கீழ் ஒலி வேறு விஷயம். 79 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 79 அதிர்வு) வரைதான் சமமாக இறங்கும் என்று விவரத்தாளிலேயே போட்டிருக்கிறார்கள். இந்த அளவுப் பெட்டிக்கு அது நியாயம். உணர்திறன் 85 டெசிபல், மின்தடை சில இடங்களில் 3.5 ஓம் வரை இறங்கும். கொஞ்சம் கரண்ட் கேட்கும் ஸ்பீக்கர்தான். அதனால்தான் என் சந்தேகம் ஆம்ப்ளிஃபயர் மேல் போயிற்று. கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போயிருக்காது. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். நான் வழக்கமாகக் கேட்கும் சத்தத்துக்கு என் ஆம்ப்ளிஃபயர் சராசரியாக ஒரு வாட்கூடச் செலவழிக்கவில்லை. அந்த 200 வாட்டைப் பிறகு விற்றுவிட்டு ஒரு பழைய 100 வாட்டுக்கே திரும்பினேன். வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

அறை 5.2 மீட்டர் நீளம், 3.6 அகலம், 2.9 உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒருமுறை போய்த் திரும்பும் நீளத்தால் வேகத்தை வகுத்தால் அந்தத் திசையில் அறை தானாக முனகும் சுருதி கிடைக்கும். என் அறையின் நீளவாக்கில் அது 33 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 66, 99. இந்த ஒலிகள் சுவரோரத்தில் உப்பி நிற்கும். ஒற்றைப்படை மடங்குகள், அதாவது 33-உம் 99-உம், அறையின் நடுக்கோட்டில் அடியோடு வற்றிப்போகும். நான் அழகுக்காக நாற்காலியைச் சரியாக நடுவில், சுவரிலிருந்து 2.6 மீட்டரில் போட்டிருந்தேன். வாசலோ பின்மூலையில். மூலையில் எல்லாச் சுருதியும் உப்பும். மனைவிக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து 85 சென்டிமீட்டரில் இருந்தது. 'சுவரை விட்டுத் தள்ளி வை' என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று தள்ளி வைத்தேன். பாஸ் ஒலி ஸ்பீக்கருக்குப் பின்னாலும் போகும். சுவரில் பட்டுத் திரும்பும். அந்தத் தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வருவது நேராக வருவதற்கு எதிராக நின்று அதைத் தின்றுவிடும். 85 சென்டிமீட்டருக்கு அது 101 ஹெர்ட்ஸ். ஒரே இடத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, அதற்கு நேராகத் தொப்பியை உட்கார வைத்திருக்கிறேன்!

இதையெல்லாம் நான் ஊகித்துச் சொல்லவில்லை. யூமிக்-1 என்று ஒரு அளவுமைக் வாங்கினேன். யூஎஸ்பியில் செருகினால் போதும். ஒவ்வொரு மைக்கின் வரிசை எண்ணுக்கும் தனித் திருத்தக் கோப்பு தருகிறார்கள். கூடவே ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். காதிருக்கும் உயரத்தில் மைக்கை நிறுத்தி, ஸ்பீக்கரிலிருந்து 'ஊஊய்' என்று ஏறிக்கொண்டே போகும் ஒரு ஒலியை விட்டால் வரைபடம் வந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 14 டெசிபல் பள்ளம். இத்தனை வருடத்தில் நான் வாங்கிய ஆடியோ சாமான்களில் அதிகம் பயன்பட்டது எதுவென்று கேட்டால் இந்த மைக்கைத்தான் சொல்வேன். சத்தமே போடாத சாமான்.

ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் அந்த 100 ஹெர்ட்ஸை ஏற்றிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 10 டெசிபல் ஏற்றினேன். வரைபடத்தில் கோடு ஏறியது, ஆனால் அதற்கு அந்தச் சுருதியில் பத்து மடங்கு வாட் கொடுக்க வேண்டியிருந்தது, அறையின் மற்ற இடங்களில் அது வீங்கியது. எவ்வளவு ஊற்றினாலும் எதிரொலியும் அதே அளவு கூடி அதில் பெரும்பகுதியைத் தின்கிறது, ஓட்டைப் பானைதான். மேட்டை ஈக்யூ வெட்டும், பள்ளத்தை உருப்படியாகத் தூர்க்காது. நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

நகர்த்தினேன். பின்சுவரிலிருந்து சுமார் 2 மீட்டர், அறை நீளத்தில் 38 சதவீதம். பலரும் தொடங்கச் சொல்லும் இடம் அது. என் அறையில் பொருந்திவிட்டது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு நெருக்கினேன். பள்ளம் 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிப்போயிற்று. ஏறிப்போனால் என்ன லாபம் என்றால், அந்த அலைகளைப் பிடிக்க நியாயமான தடிமனில் ஒலியை உறிஞ்சும் பலகை செய்துவிடலாம். 33 ஹெர்ட்ஸைப் பிடிக்கப் பலகை செய்தால் நமக்கு இருக்க இடம் இருக்காது. ஸ்பீக்கர்களுக்கு இடையில் 2.2 மீட்டர், எனக்கும் ஒவ்வொன்றுக்கும் 2.9. சமபக்க முக்கோணம் வேண்டும் என்பார்கள். என்னுடையது கொஞ்சம் ஒல்லி. பாடகர் நடுவில்தான் நிற்கிறார், போதும்.

இரண்டு மணி நேர வேலை. செலவு ஒன்றுமில்லை. கும்கி வந்துவிட்டது.

அப்புறம் பலகைகள். இதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. முதலில் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் 5 சென்டிமீட்டர் ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டித் தந்தார்கள். ஒட்டிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 'பாஸும் அடங்கிடும் சார்' என்றார் வந்தவர். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். 5 சென்டிமீட்டர் ஃபோம் அதற்கு ஒரு கொசுவலை. நடந்தது என்னவென்றால், மேல் ஒலிகளை மட்டும் ஃபோம் குடித்துவிட்டது. பாஸ் முன்போலவே உருண்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுவது போல ஆயிற்று. அறைக்குள் பேசினாலே காது அடைத்தது. முக்கால் பங்கைப் பிய்த்தெடுத்தேன். சுவரில் பசை இன்னும் இருக்கிறது.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று, பலகை செய்வதற்கு முன் படுக்கையறைப் பஞ்சு மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து மூலைகளில் சாத்தி அளந்தேன். இரவு பதினோரு மணிக்கு மெத்தை தூக்கும் ஆளைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். நான் சேபினை நினைத்துக்கொண்டேன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே விளங்காத ஒரு சொற்பொழிவு அறையைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் ஆசிரியருக்கு வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எத்தனை நொடி என்று எண்ணினார். அறை ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது. ஆக, நல்ல பரம்பரை.

மெத்தை பலன் தந்ததால் தச்சரைக் கொண்டு சட்டம் அடித்து, 10 சென்டிமீட்டர் ராக்வூல் என்னும் பாறை இழைப் பஞ்சு வைத்து, பருத்தித் துணி போர்த்தினேன். துணியில் வாய் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும். போகாத துணி உதவாது. ராக்வூலை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். நான் முழுக்கைச் சட்டை போடாமல் வெட்டி இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். முன்சுவரில் மட்டும் பலகைக்குப் பின்னால் ஒரு சாண் காற்று விட்டேன். பலகையின் கை இன்னும் கீழ் சுருதிவரை எட்டும். நான்கு மூலைகளிலும் தரை முதல் கூரை வரை நிறுத்தினேன். பக்கச் சுவர்களில், நாற்காலியில் இருந்தபடி ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகரச் சொல்லி, ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பலகை மாட்டினேன். மாட்டிய பிறகு பிடிக்கவில்லை. பாடகரும் வாத்தியங்களும் பரவி நிற்பதாகத் தோன்றும் ஒலிமேடை சுருங்கியது. இந்த ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் ஒழுங்காகவே ஒலிப்பதால் அந்தப் பிரதிபலிப்பு கெடுதல் செய்யவில்லை என்று நினைக்கிறேன். பலகையைக் கழற்றிவிட்டுப் புத்தக அலமாரி வைத்தாயிற்று.

79 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர்கள் இரண்டு. ஒன்று முன்சுவரின் நடுவில், ஒன்று பின்சுவரின் நடுவில். இப்படி எதிரெதிராக வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளவிட்டால், 33 ஹெர்ட்ஸில் ஒன்று கிளப்பும் முனகலை மற்றது அமுக்கிவிடும். அறை முனகுவது தணியும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பலரும் பின்பற்றும் ஏற்பாடு. 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர், அதாவது கீழே சப்வூஃபருக்கும் மேலே ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை. பெரிய ஒற்றை சப்வூஃபரைவிடச் சின்னதாக இரண்டு மேல் என்பது என் அனுபவம்.

கேபிள் பற்றி ஒரு வரி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 3 மீட்டர் போக்கும் வரத்தும் சேர்த்து 0.04 ஓம். இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை, விற்க வந்தவருக்கு நிறைய இருந்தது. ஸ்டாண்டுக்குள் உலர்ந்த மணல் நிரப்புங்கள். கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ராக்வூல் பலகை அறைக்குள் ஒலியைத் திருத்தும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை நிறுத்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருத்தப்படுகிறவர்கள் அதிகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. உயரவாக்கில் 59 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் மேடு இன்னும் இருக்கிறது. கூரையில் பலகை தொங்கவிட வீட்டில் அனுமதி இல்லை, அதனால் ஈக்யூவில் வெட்டியிருக்கிறேன். நல்ல இருக்கை ஒன்றுதான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் பாஸ் சரியாக வந்தாலும் பாடகர் அந்தப் பக்க ஸ்பீக்கருக்குக் குடிபோய்விடுகிறார். இரவில் சத்தத்தைக் குறைத்தால் பாஸ் முதலில் மறையும். அது அறையின் குற்றமில்லை, காதின் சுபாவம். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். அதே பதிவு. ஐந்து நிமிடம் கேட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு எழுந்துபோய்த் தன் பழைய இடத்தில், வாசலில் நின்றாள். மூலையில் இப்போது ராக்வூல் நிற்கிறதே.

"என்னங்க, இங்க கொஞ்சம் கம்மியாயிடுச்சே" என்றாள்.