க்ரியா அகராதி: கதை எழுதுகிறவர்கள் வாங்கலாமா?

என் கதைகளில் எல்லாரும் 'பார்த்தான்', 'பார்த்தாள்' என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் ஒருவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டியபோது ஒரு பக்கத்தில் பதினொன்று. அப்புறம்தான் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வாங்கினேன். முதல் பதிப்பு 1992, அடுத்தது 2008, என்னிடம் இருப்பது 2020ல் வந்த மூன்றாவது. வந்த பெட்டியில் மூலை நசுங்கியிருந்தது, அனுப்பிய கடையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பொருள்கூட இல்லை, கூடவே வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான். பூ வாடும், வெங்காயம் வதங்கும். முறைப்பதும் வெறிப்பதும் நோட்டம் விடுவதும் ஒன்றல்ல. தெரிந்த சொற்கள்தானே என்று நினைப்போம், ஆனால் எழுதும்போது கைக்கு வராது, வாக்கியத்தோடு படித்தால் வருகிறது. இலங்கை வழக்குகளைத் தனியாகக் குறித்திருப்பதும் பெரிய உதவி, 'கதைத்தல்' என்றால் அங்கே பேசுவது.

சங்கப் பாடலுக்குப் பொருள் தேட இதை எடுக்காதீர்கள், பெயரிலேயே தற்காலம் என்று இருக்கிறதே. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். ஆனால் அங்கே கிடைத்த அரிய சொல்லை மறுநாளே கதையில் சொருகும் ஆசை வரும் பாருங்கள், நானும் செய்தேன், டீக்கடைக்காரர் 'யாண்டு' என்று பழந்தமிழில் பேசினார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

புத்தகம் கனம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும், மேசையிலேயே திறந்து வைத்திருக்கிறேன்.