தண்டையார்பேட்டை வெல் லாக் வகுப்பு: ஜியாலஜி படித்தவர்கள் தாராளமாகச் சேரலாம்

எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்துவிட்டு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் வெல் லாக் வகுப்பு. கிணற்றுக்குள் கருவியை இறக்கி, ஆழம் ஆழமாகப் பாறையை அளந்து எடுக்கும் பதிவுதான் வெல் லாக். காலடிப்பேட்டையிலிருந்து போய்ப் படித்தேன். நடத்துகிற சார் லாக் பார்க்கும் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர்.

பெர்மியபிலிட்டி பாடத்துக்காகவே இங்கே சேரலாம். காமா ரே, டென்சிட்டி, நியூட்ரான், ரெசிஸ்டிவிட்டி என்று வழக்கமாக எடுக்கும் லாக் எதுவும் பாறைக்குள் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை, அதாவது பெர்மியபிலிட்டியை, நேராக அளப்பதில்லை. மற்ற அளவுகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் அதை எட்ட வேண்டும். கல்லூரியில் சூத்திரத்தை எழுதிப்போட்டதோடு சரி. இங்கே சார் சாஃப்ட்வேரைத் திறக்கவே விடவில்லை, "முதல்ல கையால போடும்மா" என்றார்.

மணற்கல், டென்சிட்டி லாக்கில் அடர்த்தி 2.32 (கன செ.மீ.க்கு கிராம்). மணிகளின் அடர்த்தி 2.65, துளை நீருக்கு 1 என்று கொண்டால் போரோசிட்டி, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 20 சதவீதம். துளைகளில் வெளியேறாமல் தங்கும் நீர் 30 சதவீதம் என்று வைத்து, டிமூர் என்ற ஆய்வாளர் 1968இல் தந்த சூத்திரத்தில் போட்டோம்: போரோசிட்டியின் 4.4 அடுக்கை 0.136ஆல் பெருக்கி, அந்த நீரின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 80 மில்லிடார்சி (பெர்மியபிலிட்டியின் அலகு) வந்தது. பிறகு போரோசிட்டியை மட்டும் 15 ஆக்கச் சொன்னார். விடை 23க்கு இறங்கிவிட்டது! டென்சிட்டியில் 0.08 மாறினாலே இந்த இறக்கம். களிமண் கலந்த பாறையில் போரோசிட்டியைத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போகாதே என்று அவர் ஏன் அத்தனை கண்டிப்பாக இருக்கிறார் என்பது அன்றைக்கு விளங்கியது.

அடுத்த வாரம் கோர் தரவு, அதாவது கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டில் அளந்தது. துரப்பணக் குழாயை வைத்துக் கணக்கிட்ட ஆழமும் லாக் கேபிள் காட்டும் ஆழமும் ஒத்துப்போகாது. கோரின் காமா அளவை லாக்கின் காமா வளைவோடு பொருத்தி நகர்த்திய பிறகே ஒப்பிட வேண்டும். இதை அவர் உட்காரவைத்துச் செய்யவைத்த மாதிரி வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. லாக் பிரதிகள் மங்கலான ஜெராக்ஸ். நியூட்ரான் கோடு எது, டென்சிட்டி கோடு எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலர் பிரிண்ட்டுக்குத் தனியாக வாங்கினாலும் கொடுத்துவிடலாம். என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) லாக்கையும் அவசரமாக முடித்துவிடுகிறார்.

அடுக்கு போடக்கூடிய சயின்டிஃபிக் கால்குலேட்டர் கட்டாயம் கொண்டுபோங்கள். போனை எடுக்க விடமாட்டார்.