கார் பொலிஷைக் கையால் துடைத்து எடுப்பதாகச் சொல்லி மெஷின் போட்டார்கள், 28,000 ரூபா போச்சு: திருகோணமலை ஆட்கள் கவனம்

நேற்றிலிருந்து மனம் ஆறவில்லை. 28,000 ரூபாவை வாங்கிக்கொண்டு என் காரின் பெயின்டைக் கெடுத்துத் தந்திருக்கிறார்கள். இடத்தின் பெயரை எழுதவில்லை. நகருக்குள் கார் கழுவி, உள்பக்கம் சுத்தம் செய்து, பொலிஷும் போட்டுத் தரும் இடங்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

என்னுடையது கறுப்பு அக்வா. அடுத்த வாரம் தங்கச்சியின் கலியாணம். பொம்பிளையை இந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு போவது என்று வீட்டில் முடிவு. உவர்மலையில் வீடு, கடற்காற்றின் உப்பும் புழுதியும் எப்போதும் காரில் படிந்திருக்கும். நிறம் மங்கிப்போயிருந்தது. அதனால்தான் பொலிஷ் போட நினைத்தேன்.

போவதற்கு முன்பு விசாரித்துத்தான் போனேன். கறுப்புக் காரில் ஒரு சின்னக் கீறலும் தெரியும், ஆகவே பொலிஷைத் துடைத்து எடுக்கும்போது மெஷின் வைக்க வேண்டாம் என்று கூட்டாளி ஒருவர் சொல்லியிருந்தார். போனதும் முதலில் அதைத்தான் கேட்டேன். முதலாளி என்னைப் பொனட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூலையில் விரல் அகலத்துக்குப் பொலிஷைத் தேய்த்தார். புத்தம் புதிய மஞ்சள் மைக்ரோஃபைபர் துணி ஒன்றைப் பையிலிருந்து பிரித்து, நாலாக மடித்து, அழுத்தாமல் மெதுவாகத் துடைத்தார். அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது, என் முகம் தெரிந்தது.

"அண்ணே, மெஷின் தேய்க்கிறதுக்கு மட்டுந்தான். எடுக்கிறது முழுக்கக் கையால. மெஷினால எடுத்தா கறுப்புல கோடு விழும், எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நான் பயந்த விஷயத்தை அவரே தன் வாயால் சொன்னார். அந்த இடத்தில்தான் நம்பினேன். சாவியைக் கொடுத்தேன், 10,000 முற்பணமும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பின்னேரம் மொத்தமாத் தாறன்" என்றார்.

பின்னேரம் ஆறரைக்குப் போனேன். மங்கல் வெளிச்சம், டியூப்லைட்டுக்குக் கீழே கார் பளபளத்தது. சந்தோசத்தில் மிச்சம் 18,000-ஐயும் எண்ணிக் கொடுத்தேன். பில் புத்தகம் முடிந்துவிட்டதாம், வட்ஸ்அப்பில் அனுப்புவாராம். இன்றுவரை வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியவே கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் மான்கள் மேயும் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் போய், கும்பிட்டுத் திரும்பி வரும்போது வெயில் நேராகப் பொனட்டில் அடித்தது. பார்த்தேன், நெஞ்சு திக்கென்றது. பொனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். கதவில் மெஷின் போய் வந்த பாதை அப்படியே நிழல்போலப் பதிந்திருந்தது. வலது பக்கப் பொனட் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிறிப்போன தடம். கதவு ரப்பர்களிலும் பின்பக்க எழுத்துகளின் இடுக்கிலும் காய்ந்த பொலிஷ் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. தங்கச்சி ஒன்றுமே பேசவில்லை, கையால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

என்ன செய்திருக்கிறார்கள் என்பது அவர்கள் போட்ட ஸ்டேட்டஸிலேயே இருந்தது. வியாழன் மதியம் எடுத்த வீடியோ. என் கார் மொட்டை வெயிலில் நிற்கிறது. முழுக் காருக்கும் ஒரேயடியாகப் பூசி, காய்ந்து வெள்ளையாகிக் கிடக்கிறது. ஒரு பொடியன் மெஷினில் கம்பளி உறையை மாட்டி, அந்தக் காய்ந்த பொலிஷை அழுத்தி அழுத்தி எடுக்கிறான். உறை சாம்பல் நிறத்தில் இருக்கிறது, எத்தனை கார் கண்டதோ. பக்கத்தில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருவதும் வீடியோவில் தெரிகிறது. அந்த மஞ்சள் துணி எங்கேயும் இல்லை.

உடனே போன் எடுத்தேன். முதல் பதில்: "அது முதலே இருந்தது அண்ணே." இரண்டாவது: "வெயில்ல பார்த்தா எல்லாக் கறுப்புக் காரும் அப்பிடித்தான்." ஸ்டேட்டஸைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். நல்ல வேளை, அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டேன். நேரில் போனால், முதலாளி கிண்ணியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். அரை மணி நேரம் நின்றேன், அவருடைய மோட்டார் சைக்கிள் உள்ளேதான் நின்றது. பின்னேரம் ஒரு மெசேஜ் வந்தது: "12,000 தாங்க, திரும்ப மெஷின் போட்டு எடுத்துத் தாறம்." மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. 28,000 வாங்கிக்கொண்டு கெடுத்தவர்கள், அதைச் சரிசெய்ய இன்னும் 12,000 கேட்கிறார்கள்!

இன்று காலை உப்புவெளியில் பெயின்ட் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் காட்டினேன். அல்கஹோல் நனைத்த துணியால் பொனட்டில் ஒரு துண்டைத் துடைத்துவிட்டு, டோர்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தார். பளபளப்புப் போய், கீறல்கள் இன்னும் ஆழமாகத் தெரிந்தன. பொலிஷில் உள்ள எண்ணெய்ப் பசை கீறலை நிரப்பி மறைத்திருந்ததாம். டியூப்லைட்டில் நான் கண்ட மினுக்கம் அதுதான்.

அவர் மெஷினைக் குறை சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். ஆழமான மங்கலைத் தேய்த்து எடுக்க மெஷின்தான் சரி, கையால் அந்தளவுக்குச் சமமாகத் தேய்க்க முடியாது என்றார். ஆனால் தேய்த்து முடித்தபின் மேலே நிற்கும் மிச்சத்தை எடுப்பது வேறு வேலை. அதற்குச் சுத்தமான துணியும் பாரமில்லாத கையும் போதும். மெஷினால் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சுத்தமான உறை, குறைந்த வேகம், அழுத்தம் கூடவே கூடாது. என் காரில் நடந்தது இதற்கு நேர்மாறு. சூடான தகட்டில் காய விட்ட பொலிஷ் இறுகிவிடும், இறுகியதை எடுக்க அழுத்தத்தான் வேண்டும். அதோடு காற்றில் வந்த மணலும் சேர்ந்தால் அந்த உறை அரத்தாளாகிவிடுகிறது.

வெளிறிய விளிம்பைப் பற்றிக் கேட்டேன். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரோன்தான் (ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்), விளிம்புகளில் அதைவிட மெல்லிசு. ஒரே மையத்தில் வேகமாகச் சுற்றும் மெஷினை விளிம்பில் அழுத்தினால் சூடேறி அந்தப் படை போய்விடும். அங்கே முதலிலேயே டேப் ஒட்டியிருக்க வேண்டும். படை போன இடத்துக்கு இனிப் பொலிஷ் உதவாது, பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அந்தச் செலவு 28,000-க்கு வெளியே.

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலது மட்டும். பில் கையில் வராமல் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு நான் எடுக்கத்தான் போகிறேன், ஆனால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் அந்த 12,000 மெசேஜும்தான் இருக்கின்றன. பொலிஷ் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், நிற்க முடியாவிட்டால் கொடுக்காதீர்கள். நிழல் இல்லாத இடம் என்றால் திரும்பி வாருங்கள். காரை இரவில் எடுக்காதீர்கள், பகலில் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பொனட்டையும் கதவையும் கலியாணத்துக்கு முன்பு முடிப்பது கஷ்டம் என்கிறார் ஐயா. வேறு கார் பார்க்கட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன், வேண்டாமாம், இதே காரில்தான் போவாளாம். நாளைக்குக் காலையில் விளிம்புக்கு மட்டுமாவது பெயின்ட் அடிக்கக் காரை விடப் போகிறேன்.