வாட்டர்ஃபாலா, அஜைலா?

சாஃப்ட்வேர் உருவாக்க இரண்டு வழிகள்: ஒரு கட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழைய வாட்டர்ஃபால், சிறு சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல். பழைய முறையை விட்டு மாறலாமா என்று தயங்கும் டீம்களுக்கு:

செலவு: வாட்டர்ஃபாலில் மொத்தத் தொகையை முதலிலேயே பேசிவிடலாம். அஜைலில் ஸ்பிரிண்ட் (ஒரு குறுகிய வேலைச் சுற்று) கணக்குதான்.

மாற்றம்: பெரிய வித்தியாசமே இங்கேதான். வாட்டர்ஃபாலில் கையெழுத்தான தேவைப் பட்டியலைத் தொட்டால் டிசைன், கோடிங், டெஸ்டிங் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். அஜைலில் அது பேக்லாக்கில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) இன்னொரு வரி. அடுத்த ஸ்பிரிண்டில் எடுத்துக்கொள்ளலாம். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமில் ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டாது. அதனால் பிழையும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

சுலபம்: வாட்டர்ஃபால்தான். அஜைலுக்கு, எது முதலில் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் கூடவே இருக்க வேண்டும். அவர் கைக்கு எட்டாவிட்டால் தினசரி ஸ்டாண்டப் (டீமின் சிறு கூட்டம்) மட்டும் நடத்திப் பயனில்லை.

தேவையும் ஒப்பந்தமும் உறுதியாக இருந்தால் பழைய முறையே போதும். பயனர் என்ன கேட்பார் என்றே தெரியாத புது ப்ராடக்டுக்கு அஜைல்தான். முதலில் ஒரே ஒரு டீமோடு தொடங்குங்கள்.