ஃபியூயல் பம்ப் போச்சு என்றால், மாற்றும் முன் எர்த் ரீடிங் கேளுங்கள்

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடியதும் மிஸ் அடித்து நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். இந்தப் புகாரோடு ஒர்க் ஷாப்புக்குப் போன பெட்ரோல் காருக்கு 'பம்ப் போச்சு' என்று சொல்லி பம்ப், ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டு வாரம் ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இரண்டாம் முறை 'இனி ஈசியூதான்' (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்றார்கள். அதை மாற்றுவதற்குள் வேறொருவர் மீட்டர் வைத்துப் பார்த்ததில் கோளாறு பிடிபட்டது: டாங்க் மேலிருக்கும் கப்ளரில் (பம்ப் வயர்கள் சேரும் பிளக்), எர்த் பின், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி.

முதல் தப்பு ஸ்கேனர் காட்டியதைப் புரிந்துகொண்டதில். அதில் வந்த கோடு (பிழைக் குறியீடு) பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. காற்றுக் கசிவு இருந்தாலும், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும் இதே கோடு வரும். பம்ப் கெட்டது என்று அதில் எங்கும் இல்லை.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள், 12.4 வோல்ட் காட்டியது, 'சப்ளை ஓகே, அப்போ பம்ப்தான்' என்று முடித்துவிட்டார்கள். மீட்டர் கரண்ட்டே இழுக்காது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டும். பம்ப் இழுப்பதோ பொதுவாக 4 முதல் 8 ஆம்பியர். லோடு ஏறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு, பம்ப்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலேவைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வயரால் இணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும், பின்பக்கமாக ஊசி முனையை நுழைத்து அளக்க வேண்டும். (டாங்க் மூடி திறந்திருக்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.) இந்தக் காரில் பேட்டரியில் 12.4, பம்ப்பில் வெறும் 8.2. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.3 வோல்ட், அது பரவாயில்லை, 0.5 வரை விடலாம். பம்ப்பின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 3.9! அங்கே 0.2-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

3.9 வோல்ட்டை 4 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 16 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் தரும் சூடு, ஒரு பின்னுக்குள். பிளாஸ்டிக் பழுப்பேறி, பின்னைச் சுற்றி இளகியிருந்தது. சூடு ஏற ஏறத் தடை கூடும், பம்ப் வேகம் குறையும், பிரஷர் இறங்கும், வண்டி நிற்கும். ஆறினால் ஓடும்.

சரி, புதுப் பம்ப் இரண்டு வாரம் எப்படி ஓடியது? கப்ளரைக் கழற்றி மாட்டும்போது பின் உரசிக் கொஞ்சம் சுத்தமாகும். அவ்வளவுதான். பம்ப்பை மாற்றாமல் வெறுமனே கழற்றி மாட்டியிருந்தாலும் சில நாள் ஓடியிருக்கும். பழைய பம்ப்பைக் கேட்டதற்கு 'குப்பையில் போட்டாச்சு' என்றார்கள், எனவே அது நல்லதா கெட்டதா என்று நிரூபிக்க வழியில்லை. பில்லில் கையெழுத்துப் போடும் முன்பே பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சூட்டில் நின்று ஆறினால் ஓடுகிற இதே ஆட்டத்தை, எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரும் ஆடும். அதன் சிக்னல் வராவிட்டால் ஈசியூ பம்ப் ரிலேவை அணைத்துவிடும், பம்ப் சும்மா கிடக்கும். நின்ற இடத்திலேயே செல்ஃப் அடித்து ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். பூஜ்யமாகவே நின்றால் பம்ப் பக்கம் போகாமல் முதலில் அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

கருகிய பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவதும் வேண்டாம். சூடு பட்டதில் அதன் பிடிப்பு போயிருக்கும். இந்தக் காரில் கப்ளரை வயரோடு வெட்டிப் புதிது போட்ட பிறகு எர்த் பக்கம் 0.05 வோல்ட். ஈசியூ பழையதேதான்.