ரெடிமேட் மெத்தனால் வினையூக்கி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் எடுக்கும் வேலைக்காக எங்கள் லேபில் காப்பர், ஜிங்க் ஆக்சைடு, அலுமினா கலந்த பெல்லட் வாங்கினோம். விற்றவர் பெயர் வேண்டாம், 1960களில் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனம் கொண்டுவந்த சரக்கின் வாரிசுதான், எங்கே வாங்கினாலும் குணம் ஏறக்குறைய இதுவே.

டப்பாவுக்குள் மாத்திரை அளவில் கருப்பு உருளைகள். கிராஃபைட் சேர்த்து அழுத்தியிருப்பதால் உரலில் இடித்துச் சலிப்பதற்குள் கையுறை, மேசை எல்லாம் கரி. அது பரவாயில்லை. கூட வந்த தாளில் "பயன்படுத்தும் முன் ரெட்யூஸ் செய்யவும்" என்று ஒரே வரி போட்டிருந்ததுதான் கடுப்பு, ஏனென்றால் முக்கியமான இடமே அதுதான்: ஹைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை எடுத்து (ரெட்யூஸ் என்பது இதுதான்) காப்பர் ஆக்சைடைக் காப்பராக்கும்போது நன்றாகச் சூடு கிளம்பும், அவசரப்பட்டால் காப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், அப்புறம் எவ்வளவு ஹைட்ரஜன் விட்டாலும் பழைய வேகம் வராது. நைட்ரஜனில் கொஞ்சமே ஹைட்ரஜன் கலந்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். வேலை முடிந்ததும் நேராகக் காற்றில் திறக்காதீர்கள், தானே சூடாகிவிடும்.

சரி, வேலை செய்கிறதா? 50 பார், 250 டிகிரியில் மெத்தனால் வருகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் தாராளமாக வருகிறது. சூட்டைக் கூட்டினால் அதுதான் ஏறும், குறைத்தால் வினையே மந்தம். ஆனால் பெரிய தலைவலி தண்ணீர். ஒரு மெத்தனால் மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு இலவச இணைப்பு, அது காப்பரைச் சீக்கிரம் கிழடாக்குகிறது. மெத்தனால் ஆலைகளில் வழக்கமாக விடும் சின்கேஸில் (முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு) இருக்கும் கார்பன் மோனாக்சைடு அந்தத் தண்ணீரில் பெரும்பங்கைத் தின்றுவிடும், வெறும் கார்பன் டை ஆக்சைடு விட்டால் அந்த உதவி கிடையாது. பாவம், இந்தப் பெல்லட் பிறந்ததே வேறு வேலைக்கு. கந்தகம் துளி இருந்தாலும் செத்துவிடும், முன்னால் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஜிங்க் ஆக்சைடு படுகை கட்டாயம்.

இதற்கு மாற்றாக, 2016இல் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகக் குழு காட்டிய இண்டியம் ஆக்சைடு–ஜிர்கோனியா வினையூக்கி 1,000 மணி நேரம் தாங்கியது, ஆனால் இண்டியம் விலை தெரியுமல்லவா!

சொந்தமாக வினையூக்கி தயாரிப்பவர்கள் ஒப்பீட்டுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாதக்கணக்கில் ஓட்டும் பைலட் பிளான்ட்டுக்கு (சோதனை அளவிலான ஆலை) என்றால் விற்பவரிடம் கார்பன் டை ஆக்சைடு மட்டும் விட்டு எடுத்த ஆயுள் டேட்டாவைக் கேளுங்கள், சின்கேஸ் டேட்டாவைக் காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.